விற்ற பாட்டும் கேட்ட பாட்டும்

திருநெல்வேலிச் சந்தையில் மிகுதியாக விற்கும் பொருள் எதுவென வினவினால், பருவத்துக்கேற்பக் கத்தரிக்காயென்றோ வெங்காயமென்றோ மரவள்ளிக்கிழங்கென்றோ விடை கிடைக்கும். அவ்விடையைக் கேட்டு எவரும் வெங்காயத்தை வியந்து போற்றுவதில்லை. மற்றைய மரக்கறிகளிலும் பார்க்க அதுவே உயர்ந்தது என்று வாதிடுவாருமில்லை. விற்பனையின் மிகுதி தேவையின் மிகுதியைக் காட்டுகின்றது. அதற்கப்பால் அது எதையும் காட்டுவதாக நாம் கருதுவதில்லை. ஆனால் அதே சந்தையிலிருந்து திரும்பும் வழியில், தேநீர்க் கடையொன்றில் ஒலிக்கும் பாட்டைப் பற்றிப் பேச்செழுந்தால் நமது அளவுகோல் மாறிவிடுகின்றது. “கோடிக்கணக்கில் விற்ற பாட்டு” என்பது அப்பாட்டுக்குச் சூட்டப்படும் மகுடமாகின்றது. சிலருக்கோ அதுவே அப்பாட்டின் மீதான வசையாகின்றது: இத்தனை பேர் வாங்கினரெனில் அது மலினமானதாகத்தான் இருக்கவேண்டும் என்பர். வெங்காயத்துக்குப் புகழும் இகழும் ஆகாத எண், இசைக்கு மட்டும் எவ்வாறு புகழாகவும் இகழாகவும் ஆயிற்று?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், அந்த எண் எவ்வாறு பிறக்கின்றது என்பதை நோக்குதல் வேண்டும். எண்ணுதல் எளிய செயல் என்றும், மதிப்பிடுதலே அரிய செயல் என்றும் நாம் பொதுவாக நம்புகின்றோம். இசை விற்பனையின் வரலாறு இந்நம்பிக்கையைப் பொய்ப்பிக்கின்றது.

உலகிலேயே ஒழுங்கான கணக்கு வைத்திருப்பதாகப் பெயர்பெற்ற ஐக்கிய அமெரிக்காவை முதலில் எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஒலிப்பதிவுத் தொழிலினரின் சங்கம் 1958 முதல் தங்க இசைத்தட்டு என்னும் சான்றை வழங்கி வருகின்றது. பிளாட்டினச் சான்று 1976இல் வந்தது. அந்நாட்டில் மிக அதிகமாக விற்ற இசைத்தொகுப்பு எது என்ற போட்டியில் மைக்கேல் ஜாக்சனின் 1982ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘திரில்லர்’ நெடுங்காலம் பேசப்பட்டது. 2018இல் ஈகிள்ஸ் குழுவினரின் தொகுப்பொன்று 38 மடங்கு பிளாட்டினம் எனச் சான்றளிக்கப்பட்டு அதனை முந்தியது. அத்தொகுப்போ 1971 முதல் 1975 வரை அக்குழுவினர் முன்னரே வெளியிட்ட பாட்டுகளைத் திரட்டிக் கட்டியது. ஆக, முதலிடம் பெற்றது ஒரு புதிய படைப்பன்று. நன்கு விற்றவற்றை மீண்டும் விற்ற திறமையே. இன்னும் கவனிக்கத்தக்கது, எண்ணும் முறை காலத்துக்குக் காலம் மாறிவந்திருத்தல். இரண்டு இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பொன்று விற்றால் அதை இரண்டெனக் கணக்கிடும் வழக்கம் உண்டு. 2016 முதல் இணையத்தில் 1500 தடவை ஒலித்தல் ஒரு தொகுப்பு விற்றதற்குச் சமம் எனக் கொள்ளப்படுகின்றது. 1500 என்ற இவ்வெண் இயற்கையில் எங்கும் கிடப்பதன்று. ஒரு மேசையைச் சுற்றியிருந்தோர் தீர்மானித்தது.

எண்ணும் முறை மாறினால் எண்ணப்படும் மக்களும் மாறுவர் என்பதற்கு 1991ஆம் ஆண்டு தக்க சான்று. அதுவரை ‘பில்போர்ட்’ சஞ்சிகையின் வாராந்தப் பட்டியல் கடைக்காரர் தொலைபேசியிற் கூறிய தகவலை ஆதாரமாகக் கொண்டிருந்தது. எது நன்கு விற்கின்றது என்று கடைக்காரர் நினைத்தாரோ, எது விற்கவேண்டும் என்று விரும்பினாரோ அதுவே பட்டியலாயிற்று. 1991 மே மாதத்தில், பணம் பெறும் மேசையில் இசைத்தட்டின் உறையிலுள்ள கோடுகளை இயந்திரம் படித்துப் பதியும் முறை நடைமுறைக்கு வந்தது. உடனே பட்டியலின் முகம் மாறிற்று. கிராமியச் சாயல் கொண்ட ‘கன்ட்ரி’ இசையும் கறுப்பின இளைஞரின் ‘ராப்’ இசையும் திடீரென மேலேறின. அவ்வாண்டு செப்டம்பரில் கார்த் புரூக்ஸ் என்ற ‘கன்ட்ரி’ப் பாடகரின் தொகுப்பு வெளிவந்த வாரத்திலேயே முதலிடம் பெற்றது. மக்களின் சுவை ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. அவர்கள் முன்பும் அவ்விசையையே வாங்கிக்கொண்டிருந்தனர். கணக்கெழுதியவரின் காதில் அது விழவில்லை.

இந்தியாவின் நிலை வேறு. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் பதிவுசெய்யப்பட்ட காலந்தொட்டு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், நாயின் படம் பொறித்த ஒரே நிறுவனத்தின் ஆதிக்கத்திலேயே அந்நாட்டின் இசைத்தட்டு வணிகம் பெரும்பாலும் இருந்தது. இசைத்தட்டும் அதனை ஒலிக்கும் கருவியும் வசதி படைத்தோரின் வீட்டுப் பொருள்களாக இருந்தன. 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் அறிமுகம் செய்த ஒலிநாடா, எழுபதுகளின் பிற்பகுதியில் வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோரின் பெட்டிகளில் இந்தியக் கிராமங்களை அடைந்தபோது இந்நிலை உடைந்தது. தில்லியில் பழச்சாற்றுக் கடைக்காரரொருவரின் மகனான குல்சன் குமார் 1983இல் நிறுவிய நிறுவனம், ஒலிநாடாவைப் பெரிய இசைக்கடைகளிலிருந்து பெட்டிக்கடைகளுக்கு இறக்கியது. புகழ்பெற்ற பாட்டுகளை வேறு குரல்களில் மீளப் பாடுவித்து மலிந்த விலையில் விற்பதற்கு 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவு இடமளித்தது. அப்பிரிவு அந்நிறுவனத்துக்குப் பெரிதும் கைகொடுத்தது. பீட்டர் மானுவேல் என்ற அறிஞர் வட இந்திய ஒலிநாடாப் பண்பாடு பற்றி 1993இல் வெளியிட்ட நூல், ஒற்றை நிறுவனத்தின் பிடி தளர்ந்ததும் வட்டார மொழிகளின் இசை எவ்வாறு செழித்தது என்பதை விரிவாக எடுத்துரைக்கின்றது.

அந்நிறுவனம் 1990இல் வெளியிட்ட ‘ஆஷிகி’ திரைப்படப் பாடல்கள், இந்தியாவில் அதிகமாக விற்ற தொகுப்புகளுள் ஒன்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. 2 கோடி ஒலிநாடாக்கள் என்ற எண் பரவலாகச் சொல்லப்படுவது. அதனை மறுக்கவோ உறுதிப்படுத்தவோ ஒலிநாடாக் காலத்தில் அங்கு நடுநிலையான வாராந்தக் கணக்கு எதுவும் நிலைபெற்றிருக்கவில்லை. விற்றவரே எண்ணினார், எண்ணியவரே அறிவித்தார். இதில் நமக்குரிய வேடிக்கை ஒன்றுண்டு. இந்தியாவின் திரைப்பாடல்களை முதன்முதல் வாரந்தோறும் தரவரிசைப்படுத்திப் புகழ்பெற்ற நிகழ்ச்சி இந்தியாவிலிருந்து ஒலிபரப்பாகவில்லை, கொழும்பிலிருந்தே ஒலிபரப்பாயிற்று. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கியபோது, கேட்போர் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அமீன் சயானி நடத்திய ‘பினாக்கா கீத்மாலா’ இந்தியக் கடைகளின் இசைத்தட்டு விற்பனையையும் நேயர்களின் விருப்பத்தையும் சேர்த்துப் பாட்டுகளை வரிசைப்படுத்தியது. ஒரு தேசத்தின் சந்தையை இன்னொரு தேசத்தின் ஒலிபரப்புக் கோபுரம் எண்ணிச் சொன்னது.

இந்தியர் கேட்டதைக் கொழும்பு எண்ணியது. யாழ்ப்பாணத்தார் கேட்டதை யார் எண்ணினார்?

எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் யாழ்ப்பாண நகரிலும் சிறிய சந்திகளிலும் ‘றெக்கோடிங் பார்’ எனப்பட்ட கடைகள் பெருகியிருந்தன என்பதை நம் பெற்றோர் தலைமுறையினர் எல்லோருமே அறிவர். வெற்று ஒலிநாடா ஒன்றை வாங்கி, அறுபது நிமிடமா தொண்ணூறு நிமிடமா என்று கணக்கிட்டு, விருப்பமான பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் தம்மிடமுள்ள இசைத்தட்டுகளிலிருந்து அவற்றைப் பதிந்து தருவார். இரண்டொரு நாள் கழித்துச் சென்று பெற்றுக்கொள்ளலாம். ஒரு பக்கத்தின் முடிவில் இடம் எஞ்சினால் கடைக்காரர் தம் சுவைக்கேற்ப ஒரு பாட்டை நிரப்புவதுமுண்டு. அவ்வாறு கேளாமற் கிடைத்த பாட்டே பின்னர் பெரிதும் பிடித்துப்போயிற்று என்று கூறுவோர் பலர். சென்னையில் விற்ற ஓர் இசைத்தட்டு இங்கு நூறு ஒலிநாடாக்களாயிற்று. ஒவ்வோர் ஒலிநாடாவும் அயல் வீடுகளுக்கு இரவலாகச் சென்று மேலும் பலவாயிற்று. விற்பனைக் கணக்கில் அது ஒன்றே. இளையராசாவின் பாட்டுகளை யாழ்ப்பாணத்தார் எவ்வளவு கேட்டனர் என்பதற்கு எந்த நிறுவனத்தின் ஏட்டிலும் பதிவு இருக்கமுடியாது. இந்தியச் சந்தையின் கணக்கில் நாம் அந்நியர். இலங்கைச் சந்தையின் கணக்கிலோ அப்பாட்டு அந்நியம்.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போய், மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அப்போது மக்கள் செய்த ஏற்பாடு இக்கட்டுரையின் பொருளுக்கு இன்றியமையாதது. துவிச்சக்கரவண்டியை நிறுத்தி வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, சில்லோடு உராயும் ‘டைனமோ’வின் மின்சாரத்தில் வானொலியும் ஒலிநாடாக் கருவியும் இயங்கின. சுற்றுபவர் களைத்தால் பாட்டின் குரல் கனத்து இழுபடும், வேகங்கூட்டினால் மீளும். முறை வைத்துச் சுற்றினர். அவ்வாறு கேட்கப்பட்ட பாட்டொன்றை எத்தனை என்று எண்ணுவது? இன்றைய இணைய முறையில், முப்பது விநாடி ஒலித்தால் ஒரு கேட்பு என்று ஸ்பொட்டிஃபை நிறுவனம் பதிவுசெய்கின்றது. பேருந்தில் உறங்கிவிட்ட ஒருவரின் காதுக்கருவியில் ஓடும் பாட்டும் ஒன்று. கைசோரச் சுற்றிக் கேட்ட பாட்டு, கணக்கிருந்திருப்பின், அதுவும் ஒன்று. எண்ணுக்கு இவ்விரண்டின் வேறுபாடு தெரியாது. தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் 1963இல் வெளியான வேங்கடேச சுப்பிரபாத இசைத்தட்டை எண்ணிப் பாருங்கள். ஒரு கோயில் வாங்கியது ஒரு தட்டு. ஒலிபெருக்கியின் வழி விடியற்காலையில் அதனைக் கேட்டது ஓர் ஊர். கேட்க விரும்பியோரும் கேட்டனர்; நித்திரை கலைந்து சினந்தோரும் கேட்டனர். பரீட்சைக் காலத்தில் விடுதி மாணவர் எப்பிரிவைச் சேர்ந்தோர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு விற்பனை பல்லாயிரம் கேட்பாகவும், ஒரு கேட்பு விருப்பமற்ற கேட்பாகவும் இருக்குமாயின், விற்பனை எண்ணிலிருந்து கேட்போரின் அன்புக்குப் பாலம் அமைப்பது கடினமே.

எனவே விற்பனை எண் கேட்பின் அளவன்று என்பது தெளிவு. ஆயினும் மதிப்பைப் பற்றிய வினா எஞ்சி நிற்கின்றது. எண் பிழையின்றி இருந்தால், பலர் கேட்டதே சிறந்ததாகுமா?

பெந்தாம் என்ற ஆங்கிலத் தத்துவஞானி, இன்பத்தின் அளவு சமமாயின் சிறுவரின் ஊசி விளையாட்டும் இசை, கவிதை ஆகிய கலைகளும் சம மதிப்புடையனவே என்று துணிந்துரைத்தார். அவர் வழிவந்த மில் இதனை ஏற்கவில்லை. இன்பங்களுள் உயர்வு தாழ்வு உண்டென்றும், இருவகை இன்பங்களையும் அனுபவித்தறிந்தவரே அவற்றைத் தீர்ப்பிடத் தகுதியுடையவர் என்றும் 1861இல் எழுதினார். தமிழிலும் இதற்கிணையான சிந்தனை பழமையானது. உலக வழக்கு என்னுமிடத்து உலகம் என்பது உயர்ந்தோரையே குறிக்கும் என்று நம் இலக்கண மரபு கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் அடோர்னோ இன்னும் கடுமையாகப் பேசினார். இசையின் பண்டத்தன்மை பற்றிய தமது 1938ஆம் ஆண்டுக் கட்டுரையில், பெரும் இசைநிகழ்ச்சிக்குச் செல்பவன் உண்மையில் வழிபடுவது நுழைவுச்சீட்டுக்குத் தான் செலுத்திய பணத்தையே என்னும் கருத்தை முன்வைத்தார். ‘அதிகம் விற்றது’ என்ற அட்டையைக் கண்டு வாங்குபவன் பாட்டை வாங்கவில்லை, பிறர் வாங்கினர் என்பதையே வாங்குகின்றான் என்று அக்கருத்தை நாம் விரிக்கலாம். விற்பனையே விற்பனையைப் பெருக்கும் இவ்வியல்பை எவரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் தகுதியுடையோரே தீர்ப்பிட வேண்டும் என்ற கொள்கையை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எழுதும்போது என் பேனா தயங்குகின்றது. இங்கு நல்லிசையின் அரங்கு நெடுங்காலம் கோயில் வீதியாகவே இருந்தது. கோயிலின் உள்ளே யார் நிற்கலாம், யார் நிற்கலாகாது என்பதைச் சாதி தீர்மானித்தது. மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். மிகப் பழைய கதையன்று. இருவகை இன்பங்களையும் அறிந்தவரே நீதிபதி என்று மில் கூறும்போது, ஒருவகை இன்பத்தின் வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டவன் எவ்வாறு நீதிபதியாவான்? தமிழ்நாட்டுத் திரைப்படம் பற்றி 1981இல் எழுதிய பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழர் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் அரங்கு திரையரங்கே என்று எடுத்துக்காட்டினார். வானொலிக்கும் ஒலிநாடாவுக்கும் இக்கூற்று இன்னும் பொருந்தும். மலிந்த விலையில் விற்கும் பொருள் வாங்குபவனின் குலத்தை வினவுவதில்லை. சனரஞ்சக இசையின் பெருவிற்பனையை இகழ்வோர், அவ்விற்பனையால் முதன்முறையாகத் தன் சுவையைத் தானே தெரிவுசெய்த மனிதனையும் சேர்த்தே இகழ்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

மறுபுறத்தில், விற்பனை என்ற சொல்லே தொடாத மேதைமையும் இம்மண்ணில் இருந்தது. இணுவிலிற் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்து 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தமிழ்நாட்டுப் பெருங்கலைஞரும் போற்றினர். அவரது வாசிப்பிற் பெரும்பகுதி இரவு திருவிழாக்களின் காற்றோடு போயிற்று. எஞ்சிய ஒலிப்பதிவுகள் சிலவே. எத்தனை தங்க இசைத்தட்டுகள் அவருக்குக் கிடைத்தன என்ற கேள்வியே பொருளற்றது. ஆக, விற்றது எல்லாம் தாழ்ந்தது என்பதும் பிழை. விற்காதது மதிப்பற்றது என்பதும் பிழை. இவ்விடத்தில் கட்டுரையை முடித்து, விற்பனை எண்ணுக்கும் மதிப்புக்கும் தொடர்பில்லை என்று கைகழுவிவிடலாம். பல கட்டுரைகள் அங்ஙனமே முடிகின்றன. எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. ஏனெனில் எண்ணை முற்றாக இகழ்தல் கேட்பவனுக்கு எளிது, பாடியவனுக்கு எளிதன்று.

தெட்சணாமூர்த்தி வாசித்த திருவிழாவையே மீண்டும் நோக்குவோம். வீதியிலே மணலில் அமர்ந்து விடியும்வரை கேட்ட ஆயிரக்கணக்கானோர் ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஆயினும் அவர்களை எவரும் கள்வர் என்று கூறார். காரணம், அன்றைய திருவிழாவின் உபயகாரர் மேளகாரருக்கு முன்னமே அச்சாரம் கொடுத்து, பேசிய தொகையையும் கொடுத்தார். ஒருவர் கொடுத்தார், ஊர் கேட்டது. இலவசமாகக் கேட்டலில் குற்றமில்லை. கலைஞனின் கூலியை யாராவது ஒருவர் ஏற்றிருத்தல் வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் அறம். யாழ்ப்பாணம் என்ற பெயருக்கு வழங்கும் ஐதிகமும் இதனையே சொல்கின்றது. கண்பார்வையற்ற பாணன் ஒருவன் யாழ் வாசித்தான். மகிழ்ந்த மன்னன் மணற்றிடலான இந்நிலத்தையே அவனுக்குப் பரிசிலாக ஈந்தான். அதனால் இது யாழ்ப்பாணமாயிற்று என்பர். ஐதிகம் வரலாறன்று. எனினும் தன் ஊரின் பெயருக்கு ஒரு சமுதாயம் தெரிந்தெடுத்த கதை, இசைக்குக் கொடுக்கப்பட்ட விலை பற்றிய கதையாக இருப்பது கருதத்தக்கது. ஒரே ஒருவர் கேட்டார். ஒரு தேசமே விலையாயிற்று. எண்ணிக்கைப் பட்டியலில் இதன் இடம் ஒன்று.

மன்னனும் உபயகாரரும் இல்லாத காலத்தில் அவர்களின் இடத்தை நிரப்ப வந்ததே இசைத்தட்டின் விற்பனை. ஒருவர் முழுத்தொகையையும் கொடுப்பதற்குப் பதிலாக, ஓர் இலட்சம்பேர் சிறு சிறு தொகையாகக் கொடுக்கின்றனர். ஒவ்வொருவரும் ஓர் இலட்சத்தில் ஒரு பங்கு உபயகாரர். இவ்வாறு நோக்குமிடத்து, எத்தனை விற்றது என்ற எண் அப்பாட்டின் உயர்வைக் கூறுவதன்று. அப்பாட்டை ஆக்கியோருக்கு உலகம் எவ்வளவு கடன்பட்டது என்பதைக் கூறும் கணக்கு அது. தரத்தின் அளவுகோலாக அதை நீட்டியதே நமது பிழை. வெங்காயத்தைப் பொறுத்தவரை நாம் இப்பிழையைச் செய்யவில்லை. எத்தனை கிலோ விற்றது என்று கமக்காரன் எழுதி வைப்பது வெங்காயத்தைப் புகழ்வதற்கன்று, தனக்கு வரவேண்டியதை அறிவதற்கே.

இக்கணக்கு எங்கே பிழைத்தது என்று பார்த்தால் நாமும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியுள்ளது. றெக்கோடிங் பாரில் பணம் கொடுத்தோம், உண்மை. அது கடைக்காரருக்கும் வெற்று ஒலிநாடா செய்த யப்பானிய நிறுவனத்துக்கும் போயிற்று. பாடியவருக்கும் எழுதியவருக்கும் அதிலிருந்து யாதும் போகவில்லை. உபயகாரர் மேளகாரரை விட்டுவிட்டுப் பந்தற்காரருக்கு மட்டும் கூலி கொடுத்ததை இது ஒக்கும். இலங்கையிலும் 1979ஆம் ஆண்டே புலமைச்சொத்துச் சட்டக்கோவை இருந்தது. 2003இல் புதிய சட்டம் வந்தது. சட்டம் இருந்ததை அறிந்து மீறினோம் என்பதைவிட, அப்படியொரு கடன் உண்டென்றே நமக்குத் தோன்றவில்லை என்பதே உண்மைக்கு அணித்தானது.

பெரிய பெயர்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. சென்னைத் திரையிசைக்கு வேறு வருவாய் இருந்தது. எனினும் அங்கும் நீதி எளிதில் வந்துவிடவில்லை. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் எழுதிக்கொடுத்தாலும் இழக்கமுடியாத பங்குரிமையை இந்தியச் சட்டம் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே வழங்கியது. நமது பொப்பிசையின் கதைதான் உறுத்துகின்றது. எழுபதுகளில் நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’ தெரியாத யாழ்ப்பாணத்தவர் இரார். ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்து ஒலித்து, பாக்கு நீரிணையைக் கடந்து, தமிழ்நாட்டில் மேடைகளிலும் திரைப்படத்திலும் புகுந்தது. பல்கலைக்கழகச் சுற்றுலாப் பேருந்துகளில் இன்றும் அப்பாட்டுகள் இல்லாமல் பயணமில்லை. கைதட்டி, தகரத்தில் தாளம்போட்டு நாமே பாடுகின்றோம். விற்பனைப் பட்டியலொன்றிலேனும் அவை மேல்வரிசையில் நின்றதாக யாரும் சொல்வதில்லை. மக்களின் நாவில் அவை வாழ்கின்றன என்று நாம் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்கின்றோம். நாவில் வாழ்ந்த பாட்டினால் பாடியவன் எவ்வாறு வாழ்ந்தான் என்பதை நாம் கேட்டதேயில்லை. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானபோது நமது பத்திரிகைகளில் புகழுரைகள் நிறைந்திருந்தன.

எண்ணும் கருவிகள் நுண்மை பெற்ற இக்காலத்தில் இக்குறை நீங்கியிருக்கவேண்டுமே என்று தோன்றலாம். 2021இல் தீ, அறிவு ஆகியோர் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைத்து வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ இதற்கு மறுப்பாக நிற்கின்றது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின்னர் தமிழ்நாடு திரும்பிய தலைமுறையினரின் நினைவு அப்பாட்டின் கருவாக உள்ளது. அது இணையத்தில் பல கோடி தடவை பார்க்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தால் துல்லியமாக எண்ணப்பட்டது. மூன்றாண்டு கழித்து 2024இல், அப்பாட்டிலிருந்து தமக்கு இதுவரை எவ்வித வருவாயும் கிடைக்கவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே கூறினார். நமது ஒலிநாடாக் காலத்தில் எண் இல்லாததால் கடன் மறைந்தது. இங்கே எண் பட்டப்பகல் போல் விளங்கியும் கடன் தீரவில்லை. கணக்கேடு யார் கையில் உள்ளதோ அவரே கணக்கின் பொருளையும் தீர்மானிக்கின்றார்.

அதே ஆண்டில் ஸ்பொட்டிஃபை நிறுவனம் கொண்டுவந்த விதியொன்று இதனினும் சிந்திக்கத்தக்கது. பன்னிரண்டு மாதத்துள் 1000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு உரிமப்பணம் இல்லை. சிறு தொகைகளைப் பிரித்து அனுப்புவதற்காகும் செலவும் மோசடிகளுமே காரணம் என்பது அவர்களின் விளக்கம். அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் 999 பேர் கேட்டது, கேட்கப்படாததற்குச் சமமாயிற்று. கோயில் வீதியில் ஒரு நல்ல நாதசுரக் கச்சேரிக்கு 999 பேர் கூடினால் அதை நிறைந்த சபை என்றே நாம் சொல்வோம். மருதனார்மடத்தில் இசை பயிலும் நம் பல்கலைக்கழகத் தோழர் ஒருவர் தமது வாய்ப்பாட்டை இன்று இணையத்தில் வெளியிட்டால் அவர் பெரும்பாலும் இவ்வெல்லைக்குக் கீழேயே நிற்பார். அவரது பாட்டு நன்றோ தீதோ, அதனை அறிவதற்குக்கூட அந்த எண் துணைபுரியாது.

போர்க்காலத்தில் ஒலிநாடா படியெடுத்தோரைக் குற்றஞ்சாட்ட உனக்கு என்ன உரிமை என்று என்னைக் கேட்கலாம். அக்கேள்வி நேர்மையானது. நான் டைனமோ சுற்றியவனல்லன். மின்கலமே வராத குடாநாட்டுக்கு அசல் ஒலிநாடா எங்கிருந்து வந்திருக்கும்? வாங்க வழியில்லாதவனிடம் ஏன் வாங்கவில்லை என்று கேட்பதில் அறமில்லை. கொடுக்க இயலாமை கடனை ஒத்திவைக்கின்றது என்றே நான் கொள்கின்றேன். பசித்தவன் தோட்டத்திற் பறித்துண்ட பழத்தைப்போல. அதனை மன்னிக்கவேண்டியவர் தோட்டக்காரர், பறித்தவன் அல்லன். ஆனால் வழி திறந்தபின் என்ன செய்தோம்? 2002இல் ஏ-9 பாதை திறந்ததும் இறுவட்டுகள் வந்தன. அவையும் பெரும்பாலும் படிகளாகவே விற்றன. இன்று என் கைத்தொலைபேசியில் கட்டணமின்றி ஒலிக்கும் பாட்டுகளுள் எதற்கு யார் உபயகாரர் என்பதை நான் அறியேன். இடையிடையே வரும் சவர்க்கார விளம்பரமே உபயகாரர் என்று தேற்றிக்கொள்கின்றேன்.

எங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் தொண்ணூறு நிமிட ஒலிநாடாவொன்று கிடக்கின்றது. இடப்பெயர்வுகளின்போது எத்தனையோ பொருள்கள் கைவிடப்பட்டன. இது எவ்வாறோ தப்பியது. அதனை ஒலிக்கும் கருவி இப்போது வீட்டில் இல்லை. உறையின் உட்பக்க அட்டையில் றெக்கோடிங் பார்க் கடைக்காரரின் நேர்த்தியான கையெழுத்தில், இருபக்கமும் சேர்த்துப் பதினெட்டுப் பாட்டுகளின் முதற்சொற்கள் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் எதிரே படத்தின் பெயர் உண்டு. அட்டையின் அடியில் கடையின் முத்திரையும், பெற்ற பணத்தின் தொகையும் உள்ளன. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர் எதுவும் அதில் இல்லை. சென்ற விடுமுறையில் அம்மாவிடம் அந்த அட்டையைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பாட்டாக மெல்ல முணுமுணுத்துப் பார்த்து, பதினான்கு பாட்டுகளுக்கு எதிரே பாடியவர் பெயரைப் பென்சிலால் எழுதினார். நான்கு இன்னும் வெறுமையாக உள்ளன.